பெர்த்ல இருந்து பில்பராவுக்கு கேரவன் இழுத்துட்டுப் போறவங்களுக்கு

வருஷா வருஷம் ஏப்ரல் பொறந்தா யாராவது ஒருத்தர் போன் பண்ணி "கரிஜினி போறோம், கேரவன் ஹையர் பண்ணலாமா, என்னென்ன எடுத்துக்கணும்"னு கேக்குறாங்க, நானும் ஒவ்வொரு தடவையும் முக்கால் மணி நேரம் பேசிட்டு போன வச்சப்புறம்தான் ஐயையோ டயர் பத்தி சொல்லலையேன்னு ஞாபகம் வரும். அதான் மொத்தமா ஒரே இடத்துல எழுதிடலாம்னு உக்காந்துட்டேன். நாங்க பெர்த்ல இருக்கோம், வெஸ்டர்ன் ஆஸ்திரேலியாவோட வடக்குல இருக்குற இந்த பில்பரா பக்கம், அதுக்குள்ள இருக்குற கரிஜினி நேஷனல் பார்க்குக்கு, மூணு தடவை போயாச்சு, முதல் தடவை பண்ண வேண்டிய தப்பு எல்லாம் பண்ணோம், மூணாவது தடவைதான் கொஞ்சம் நிம்மதியா சுத்தினோம்.

எடுத்த எடுப்புலயே ஒண்ணு சொல்லிடறேன், மீதி எல்லாம் இதுக்குள்ளதான் வரும். கேரவன் ஊர் சுத்துற வண்டி இல்ல, அது வீடு. வீட்ட ஒரு இடத்துல நிறுத்தி, கால ஊனி, கார மட்டும் கழட்டிக்கிட்டு சுத்தப் போகணும். முதல் தடவை நாங்க ஒவ்வொரு கார்ஜுக்கும், அதாவது செங்குத்தா பிளந்த பள்ளத்தாக்குக்கும், வீட்டையும் சேத்து இழுத்துட்டுப் போனோம், பார்க்கிங்ல திருப்ப இடமில்லாம ரிவர்ஸ் எடுத்து எடுத்து எனக்கும் என் மனைவிக்கும் பேச்சுவார்த்தையே நின்னு போச்சு. இப்ப எங்க கணக்கு ரெண்டே ரெண்டு ஸ்டாப், கரிஜினிக்குள்ள டேல்ஸ் கேம்ப்கிரவுண்ட்ல நாலு ராத்திரி, அப்புறம் டாம் பிரைஸ் ஊர்ல மூணு ராத்திரி. மத்ததெல்லாம் வழித்தங்கல்தான்.

எப்ப போறது? மே கடைசில இருந்து செப்டம்பர் பாதி வரைக்கும். நவம்பர்ல இருந்து ஏப்ரல் வரை புயல் சீசன், வெயில் சர்வசாதாரணமா 40 டிகிரிய தாண்டும், அந்த நேரத்துல யாராவது கூட்டமே இல்ல வான்னு கூப்டா போகாதீங்க, கூட்டம் இல்லாததுக்குக் காரணம் இருக்கு. ஆனா ஜூன் ஜூலைல ராத்திரி குளிர் நல்லா இறங்கும், பாலைவனம்தானேன்னு வெறும் டி-ஷர்ட்டோட போய் பல்லு கிட்டிச்சுப் போனவங்கள பாத்திருக்கேன், நான்தான் அது. டேல்ஸ்ல இடம் ஆன்லைன்லதான் புக் பண்ணணும், ஜூலை ஸ்கூல் லீவுக்கு மாசக்கணக்கா முன்னாடியே தீந்துடும், அதனால முதல்ல இடத்த புடிங்க, அப்புறமா ஆபீஸ்ல லீவு கேளுங்க. நாய் வளக்குறவங்க கவனிங்க, நேஷனல் பார்க்குக்குள்ள நாய்க்கு அனுமதி கிடையாது.

அடுத்தது எடை. கேரவன் உலகத்துல ஏடிஎம்னா காசு எடுக்குற மெஷின் இல்ல, கேரவனும் அதுக்குள்ள நீங்க ஏத்துற சாமானும் சேந்து எவ்வளவு வரைக்கும் இருக்கலாம்ங்குற எடை. டேர்னா காலி எடை. உதாரணத்துக்கு டேர் 2,200 கிலோ, ஏடிஎம் 2,700 கிலோன்னு பிளேட்ல போட்டிருந்தா உங்களுக்கு 500 கிலோதான் கைல இருக்கு. கேக்க நிறைய மாதிரி இருக்கும். ரெண்டு தண்ணி டேங்க் தலா 95 லிட்டர், அதுலயே 190 போச்சு, மீதி 310. அதுலதான் நாற்காலி, மேஜை, துணி, டூல்ஸ், பசங்க சைக்கிள், அப்புறம் நம்ம வீட்டு சாமான். எங்க வீட்ல 10 கிலோ பொன்னி அரிசி மூட்டைய அப்படியே தூக்கி வச்சுட்டாங்க, கூடவே கிரைண்டர வேற வைக்கலாமான்னு ஒரு பேச்சு வந்துச்சு, அத நான் கடுமையா எதிர்த்தேன்.

கார் எவ்வளவு இழுக்கும்னு பாக்குறப்ப, லேண்ட் குரூசர் 3,500 கிலோ இழுக்கும்னு போட்டிருக்கே போதும்னு விட்டுடாதீங்க. காரும் கேரவனும் சேத்து மொத்த எடைக்கு தனியா ஒரு லிமிட் இருக்கு, அது ஜிசிஎம், காருக்குள்ள ஆள் சாமான் எல்லாம் ஏத்துனப்புறம் அதுதான் முதல்ல உதைக்கும். டோ பால், அதாவது காருக்குப் பின்னாடி கேரவன மாட்டுற குண்டு, அது மேல உக்கார்ற எடை கேரவன் எடைல சுமாரா பத்துல ஒரு பங்கு இருக்கணும். அது கம்மியா இருந்தா பின்னாடி வண்டி வாலாட்ட ஆரம்பிக்கும். கனமான சாமான் எல்லாம் கீழ, ஆக்சில் பக்கத்துல, பின்கோடில எதையும் திணிக்காதீங்க. ஒருவேளை ஓட்டிட்டு இருக்கும்போது வாலாட்டுச்சுன்னா காரோட பிரேக்க மிதிக்காதீங்க, ஸ்டியரிங்க திருப்பி சரி பண்ணப் பாக்காதீங்க, ஆக்சிலரேட்டர்ல இருந்து கால எடுத்துட்டு டேஷ்ல இருக்குற எலக்ட்ரிக் பிரேக் கன்ட்ரோலர கையால அமுக்குங்க, கேரவன் பிரேக் மட்டும் பிடிச்சு வண்டிய நேரா இழுத்து நிறுத்தும். கிளம்புறதுக்கு முன்னாடி அந்த பட்டன் எங்க இருக்குன்னு கண்ண மூடிட்டு தொடப் பழகிக்கோங்க.

ஹையர் பண்றவங்க காண்ட்ராக்ட்ல ஒரு வரிய தேடிப் படிங்க, தார் போடாத ரோட்ல கூட்டிட்டுப் போகலாமா இல்லையா. நிறைய பேர் விட மாட்டாங்க, மீறிப் போனா இன்சூரன்ஸ் செல்லாது. நாங்க முதல் தடவை எடுத்த கடைல இதப் பத்தி வாயால ஒண்ணுமே சொல்லல, திருப்பிக் குடுக்குறப்ப அடில கல்லடி பட்ட தடத்தக் காட்டி டெபாசிட்ல கை வச்சுட்டாங்க. எடுக்குறப்பவே அடில படுத்து போன்ல வீடியோ எடுத்து வச்சுக்கோங்க, வெக்கப்படாதீங்க.

இனி ரோடு. பெர்த்ல இருந்து கிரேட் நார்தர்ன் ஹைவே, நியூமன் வரைக்கும் சுமார் 1,180 கிமீ, முழுக்க தார் ரோடுதான். கேரவன் இழுக்குறவங்களுக்கு வெஸ்டர்ன் ஆஸ்திரேலியால 100தான் உச்சம், ரோட்ல 110 போர்டு இருந்தாலும் நமக்கு 100. நான் 90க்கு மேல போறதில்ல, டீசல் குடிக்கிறது கண்ணுக்கு முன்னாடி குறையும். முதல் நாள் விடிகாலைல கிளம்பி மவுண்ட் மேக்னட், சுமார் 560 கிமீ. ரெண்டாவது நாள் மீக்கதாரா தாண்டி குமரினா ரோட்ஹவுஸ், ஹைவே ஓரத்துல பங்க்கும் தங்குற இடமும் சேந்தது, அது ஒரு 450. மூணாவது நாள் நியூமனுக்கு 165தான், மத்தியானத்துக்குள்ள போய் சேந்துடலாம். ரெண்டே நாள்ல போயிடலாமேன்னு சின்ன வயசு பசங்க சொல்வாங்க, போலாம்தான், ஆனா சாயங்காலம் ஓட்ட வேண்டி வரும். பொழுது சாயுற நேரம் கங்காரு ரோட்டுக்கு வரும், வேலி இல்லாத பண்ணை நிலத்துல மாடு ரோட்டு நடுவுலயே நிக்கும், கறுப்பு மாடு இருட்டுல தெரியவே தெரியாது. நாலு மணிக்கு மேல வண்டி ஓடக் கூடாதுங்குறது எங்க வீட்டு சட்டம். பகல்ல பாத்துக்க வேண்டியது கழுகு. செத்த கங்காரு மேல உக்காந்திருக்குற பெரிய ஆப்பு வால் கழுகு, வயிறு முட்டத் தின்னுட்டு எந்திரிச்சுப் பறக்க ரொம்ப நேரம் எடுத்துக்கும், தூரத்துலயே வேகத்தக் குறைச்சுடுங்க.

டீசல் விஷயத்துல ஒரே விதிதான், பங்க் பாத்தா நிரப்பு. மீக்கதாராவுக்கும் குமரினாவுக்கும் நடுவுல 255 கிமீ ஒண்ணுமே கிடையாது. சும்மா ஓட்டினா 11 லிட்டர்ல 100 கிமீ போற வண்டி கேரவன் மாட்டினா 17, 18, எதிர்க்காத்து அடிச்சா 20 லிட்டர் கேக்கும். கரிஜினிக்குள்ள பெட்ரோல் டீசல் எதுவும் கிடைக்காது, நியூமன்லயோ டாம் பிரைஸ்லயோ ஃபுல் பண்ணிட்டுதான் உள்ள போகணும், உள்ள சுத்துறதுக்கும் சேத்து கணக்கு போடுங்க.

ரோடு ட்ரெயின் பாத்ததில்லன்னா முதல் தடவை வயித்தக் கலக்கும். ஒரு லாரி, பின்னாடி மூணு நாலு டிரெய்லர், 50 மீட்டருக்கு மேல நீளம். எதிர்ல வரும்போது முதல்ல ஒரு காத்து நம்மள வெளிய தள்ளும், அது கடந்ததும் உள்ள இழுக்கும், ஸ்டியரிங்க ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கோங்க, அவ்வளவுதான். பின்னாடி இருந்து அவர் முந்த வந்தா சும்மா இடது பக்கமா அதே வேகத்துல நேரா போங்க, மண்ணுல இறங்காதீங்க, அவர் பாதி தாண்டினதும் லேசா வேகத்தக் குறைங்க. இதுக்கு வண்டிக்கு வண்டி பேசிக்கிற யூஹெச்எஃப் ரேடியோ ஒண்ணு கண்டிப்பா வேணும், லாரிக்காரங்க சேனல் 40, கேரவன்காரங்க சேனல் 18. "பின்னாடி வர்ற அண்ணே, முன்னாடி ரோடு காலியா இருக்கு, நீங்க போலாம்"ங்குறத இங்கிலீஷ்ல சொன்னா போதும், தேங்க்ஸ் மேட்னு குரல் வரும். நம்ம பசங்களுக்கு டிரிப்லயே ரொம்பப் பிடிச்சது இந்த ரேடியோதான். அதே ரேடியோலதான் பைலட் கார் கூப்பிடும், பின்னாடி எட்டு மீட்டர் அகல லோடு வருது ஓரங்கட்டுன்னு. சுரங்கத்து டிரக்கோட தொட்டிய அப்படியே லாரில வச்சு மொத்த ரோட்டையும் அடைச்சுட்டு வருவாங்க, அப்ப வாதாடாம ரோட்ட விட்டு நல்லா வெளிய இறங்கி நிக்கணும், இதுல மட்டும் மண்ணுல இறங்கலாம்.

நியூமனுக்குக் கொஞ்சம் முன்னாடி மகர ரேகை போர்டு வரும், போட்டோ எடுக்க நல்ல இடம். அதுக்குள்ள மண்ணு செவப்பா மாறியிருக்கும், செம்மண்ணுன்னு நாம சொல்ற செவப்பு இல்ல, துருப்பிடிச்ச இரும்புச் சட்டிய பொடி பண்ணா வர்ற நிறம், உண்மைலயே அது துருதான். இந்த மலை எல்லாம் சுமார் 250 கோடி வருஷத்துக்கு முன்னாடி கடலடில படிஞ்ச இரும்பு. அப்ப கடல் தண்ணில இரும்பு கரைஞ்சு கெடந்துச்சு, கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் ஆக்சிஜன வெளிய விட, அந்த இரும்பு துருவாகி அடுக்கடுக்கா கீழ படிஞ்சுது. கார்ஜுக்குள்ள இறங்கினா சுவர்ல கோடு கோடா தெரியுறது அந்த அடுக்குதான். மவுண்ட் வேல்பேக் சுரங்கத்துல தோண்டி கப்பல்ல ஏத்துறதும் அதே அடுக்குதான். அதனாலதான் நான் எல்லார்கிட்டயும் சொல்றது, கார்ஜ மட்டும் பாத்துட்டு வராதீங்க, சுரங்கத்தையும் பாருங்க, ஒண்ணு இல்லாம இன்னொண்ணு புரியாது.

வேல்பேக் நியூமன் ஊரு பக்கத்துலயே இருக்கு, 1957ல ஸ்டான் ஹில்டிச்ங்குறவர் கண்டுபிடிச்சது, குழியோட நீளம் அஞ்சு கிமீக்கு மேல. டாம் பிரைஸ்லயும் சுரங்க டூர் இருக்கு, விசிட்டர் சென்டர்ல புக் பண்ணணும். ரெண்டுல ஒண்ணு பாத்தா போதும், நான் டாம் பிரைஸ்தான் சொல்வேன். மூடின ஷூ போட்டுட்டுப் போங்க, செருப்போட போனா பஸ்லயே ஏத்த மாட்டாங்க. 1938ல இருந்து 1960 வரைக்கும் ஆஸ்திரேலியால இரும்புத் தாது ஏற்றுமதிக்கே தடை இருந்துச்சு, இருக்குறது கொஞ்சம்தான்னு நினைச்சு காப்பாத்தி வச்சாங்களாம். இந்தக் குழிய எட்டிப் பாத்துட்டு அந்தக் கதைய கேட்டா சிரிப்பு வரும். டாம் பிரைஸ்ங்குறது ஒரு ஆளோட பேரு, கைசர் ஸ்டீல் கம்பெனில பெரிய பதவில இருந்தவர், இங்க இருக்குற இரும்போட அளவ நம்பி வேலைய முன்னாடி தள்ளினவர், 1962ல இறந்துட்டார். ஊரு கடல் மட்டத்துல இருந்து 747 மீட்டர் உயரத்துல, மாநிலத்துலயே உசரமான ஊரு.

சரி, கரிஜினி. டேல்ஸ் கேம்ப்கிரவுண்ட்ல கரண்ட் கிடையாது, குடிதண்ணி கிடையாது, குளிக்க ஷவர் கிடையாது, டாய்லெட் குழி டாய்லெட். கேட்டுட்டு முகம் சுளிக்காதீங்க, ராத்திரி தலைய நிமிர்த்தி வானத்தப் பாத்தா எல்லாம் மறந்துடும். ஆனா தண்ணி கணக்கு மறக்கக் கூடாது. குடிக்க, சமைக்க, பாத்திரம் கழுவ ஆளுக்கு ஒரு நாளைக்கு 10 லிட்டர்னு நாங்க வச்சுக்கிட்டோம், நாலு பேர் நாலு நாள் 160 லிட்டர். இது தவிர 20 லிட்டர் கேன் ஒண்ணு காருக்குள்ள தனியா வையுங்க, ஏன்னா கல்லு பட்டு டேங்க் ஓட்டையாகுறது இங்க அதிசயம் இல்ல. கரண்டுக்கு சோலார் பேனல் ரெண்டு போதும், வெயிலுக்கு என்ன பஞ்சமா. ஜெனரேட்டர் வச்சிருக்குறவங்க அதுக்குன்னு விட்டிருக்குற பகுதிலதான் புக் பண்ணணும். தீ மூட்டக் கூடாது, கேஸ் அடுப்புதான். ராத்திரி சாப்பாட்டையும் ஷூவையும் வெளிய விட்டுட்டுத் தூங்காதீங்க, டிங்கோ, அதாவது இந்த ஊரு காட்டு நாய், வரும், தூக்கிட்டுப் போயிடும். போன் சிக்னல் எதிர்பாக்காதீங்க, ஊருக்குள்ள டெல்ஸ்ட்ரா கம்பெனி சிக்னல் கிடைக்கும், கார்ஜ் பக்கம் எதுவும் கிடைக்காது. ஆபத்துல சேட்டிலைட் வழியா உதவி கூப்பிடுற பீக்கன், பிஎல்பின்னு சொல்றது, கைக்கு அடக்கமா இருக்கும், வாங்கியோ வாடகைக்கு எடுத்தோ இடுப்புல மாட்டிக்கோங்க.

சாப்பாடு பத்தி நம்ம ஆளுங்க நிறைய கேப்பாங்க. புளியோதரையும் எலுமிச்சை சாதமும் தெரியாமலா நம்ம பாட்டிங்க கட்டுச்சோறு கட்டினாங்க, முதல் ரெண்டு நாள் அதுதான். புளிக்காய்ச்சல் பாட்டில்ல போட்டுட்டா பத்து நாளும் தாங்கும், சோறு வடிச்சு கலந்துக்க வேண்டியதுதான். தோசை மாவு எடுத்துட்டுப் போறவங்க மட்டும் கொஞ்சம் நில்லுங்க. எங்க வீட்ல பெரிய டப்பர்வேர் டப்பால கழுத்து வரைக்கும் மாவு ஊத்தி ஃபிரிட்ஜ்ல வச்சு, நானும் கேரவன் ஃபிரிட்ஜ ஆன் பண்ணியிருக்கேன்னு நம்பி ஓட்டிட்டே போனேன். ஆன் பண்ணல. வெயில், குலுக்கல், பொங்குற மாவு, மூணும் சேந்து குமரினால கதவத் திறந்தப்ப மாவு ஃபிரிட்ஜுக்குள்ள இருந்து வழிஞ்சு தரை வழியா போய் பெட்டுக்கு அடில எட்டிப் பாத்துட்டு இருந்துச்சு. அந்த வாசனை பெர்த் திரும்புற வரைக்கும் போகல. ஆகவே பாதி டப்பா மட்டும், ஃபிரிட்ஜ் 12 வோல்ட்ல ஓடுதான்னு ஒவ்வொரு ஸ்டாப்லயும் கதவத் திறந்து பாருங்க, எல்லா அலமாரியும் தாழ்ப்பாள் போட்டாச்சான்னும் பாருங்க. இன்னொண்ணு, பக்கத்துல தங்குறவங்க விசில் சத்தம் கேட்டு பயந்துடுவாங்க, குக்கர் வைக்கிறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை சொல்லிட்டு வையுங்க. எங்களுக்கு அப்படித்தான் ஒரு வயசான தம்பதி பழக்கமாகி, ரசம் குடிச்சுட்டு ரெசிபி கேட்டு எழுதிட்டுப் போனாங்க.

கார்ஜுக்குள்ள இறங்குறது எப்படி? முதல் நாள் டேல்ஸ்லயே இருங்க. ஃபோர்டெஸ்கியூ அருவிக்கு படிக்கட்டு இருக்கு, அங்க இருந்து கொஞ்ச தூரத்துல ஃபெர்ன் பூல், ஆலமரம் மாதிரி தொங்குற வேரும் பெரணிச் செடியுமா அந்த செவப்புக்கு நடுவுல ஒரு பச்சை. அது பூர்வகுடி மக்களுக்குப் புனிதமான இடம், அவங்க பேர்ல அது ஜுபுரா. குதிக்கக் கூடாது, கத்தக் கூடாது, சன்ஸ்கிரீன் பூசிட்டு இறங்காம இருந்தா நல்லது. கோயில் குளத்துல எப்படி இறங்குவோமோ அப்படி மெதுவா இறங்குங்க. இந்தப் பார்க் மொத்தமும் பஞ்சிமா, குர்ரமா, இன்னாவங்கா மக்களோட நாடு. கரிஜினிங்குறது அவங்க வச்ச பேரு, 1991 வரைக்கும் பலகைல ஹேமர்ஸ்லி ரேஞ்ச்னு இருந்துச்சு. விசிட்டர் சென்டர்ல ஒரு மணி நேரம் ஒதுக்கிப் பாருங்க.

ரெண்டாவது நாள் வீயானோ, ஹான்காக் கார்ஜ் பக்கம், கார மட்டும் எடுத்துட்டு. அங்க ஆக்சர் லுக்அவுட்ல நின்னா நாலு கார்ஜ் ஒண்ணு சேர்றது தெரியும், கீழ எட்டிப் பாத்தா அடிவயிறு சில்லுங்கும். அங்கயே ஒரு நினைவுச் சின்னம் இருக்கு, 2004ல மாட்டிக்கிட்டவங்கள மீட்கப் போன அவசரசேவை தன்னார்வலர் ஒருத்தர் திடீர் வெள்ளத்துல போயிட்டார். அதப் படிச்சுட்டுதான் கீழ இறங்கணும்னு எங்க பசங்களுக்கு சொல்லியிருக்கேன். மேல மேகம் கூடினா, எங்கயோ தூரத்துல மழைன்னா கூட, கார்ஜுக்குள்ள போகாதீங்க, உள்ள இருந்தா உடனே ஏறிடுங்க. சுவர் ரெண்டும் செங்குத்து, தண்ணி வந்தா ஒதுங்க இடமே கிடையாது.

வழிக்கு எல்லாம் கிளாஸ் 1ல இருந்து 5 வரை நம்பர் போட்டிருப்பாங்க. 3 வரைக்கும் குடும்பத்தோட போலாம், 4ல கைய ஊனி இறங்கணும், 5ன்னா உடம்பு வளையணும், பயம் இருக்கக் கூடாது. வீயானோல கடைசில ஹேண்ட்ரெயில் பூல். முதல்ல முழங்கால் தண்ணில நடந்து போவீங்க, அப்புறம் சுவர் ரெண்டும் நெருங்கி நெருங்கி தோள் உரசுற சந்தாகும், காலடில தண்ணி வழுக்கிட்டு ஓடும், திடீர்னு தரை முடிஞ்சு போகும், கீழ வட்டமா ஒரு குளம். அங்க பாறைல அடிச்ச இரும்புக் கம்பி ஒண்ணு இருக்கு, அதப் பிடிச்சுட்டு முகத்த சுவர் பக்கம் திருப்பிட்டு ஒவ்வொரு காலா கீழ விடணும். கம்பி ஐஸ் மாதிரி இருக்கும். என் பொண்ணு கடகடன்னு இறங்கிட்டா, நான் நடுவுல நின்னு கீழயும் போகாம மேலயும் வராம ஒரு ரெண்டு நிமிஷம், பின்னாடி ஒரு ஜெர்மன் பொண்ணு பொறுமையா "டேக் யுவர் டைம்"னு சொல்லிட்டு நின்னுச்சு. ஹான்காக்ல ஸ்பைடர் வாக்னு ஒண்ணு, ரெண்டு சுவத்துலயும் கையும் காலும் ஊனி சிலந்தி மாதிரி போகணும், முடிவுல கெர்மிட்ஸ் பூல். அதுக்கு அந்தப் பக்கம் கயிறு கட்டி கைடோட போறவங்களுக்குத்தான், நீங்க திரும்பிடுங்க.

ஷூ விஷயம் முக்கியம். நனைஞ்சாலும் பரவால்லன்னு ஒரு பழைய ரப்பர் சோல் ஷூ, அதோடயே தண்ணில இறங்கணும். தண்ணி பட்ட பாறை எண்ணெய் தடவின மாதிரி இருக்கும், இங்க நடக்குற விபத்து நிறைய இந்த வழுக்கல்லதான். கீழ சில குளத்துல வெயிலே படாது, ஜூலைல தண்ணி எலும்பக் குத்தும், பத்து நிமிஷத்துக்கு மேல பசங்கள விடாதீங்க, காஞ்ச துணி ஒண்ணு தண்ணி புகாத பைல எடுத்துட்டுப் போங்க. கீழ கால் உடைஞ்சா மீட்க ஆளு வந்து தூக்கிட்டுப் போக பல மணி நேரம் ஆகும், ஆகவே ஹீரோயிசம் வேணாம். மேல நடக்குறப்ப ஸ்பினிஃபெக்ஸ் புல்லுல உக்காந்துடாதீங்க, பாக்க மெத்து மெத்துன்னு பந்து மாதிரி இருக்கும், நுனி ஊசி. அதே புல்லு காருக்கு அடில எக்ஸாஸ்ட் பைப் பக்கம் சேந்தா தீப்பிடிக்கும், மண் ரோட்ல புல்லு மேல ஓட்டினா குனிஞ்சு பாத்து எடுத்து விடுங்க. ஈ தொல்லைக்கு தலைல போடுற வலை, பாக்க அசிங்கமா இருக்கும், அரை மணி நேரத்துல நீங்களும் வாங்குவீங்க.

கலமினா, ஹேமர்ஸ்லி கார்ஜ் ரெண்டுக்கும் மண் ரோடு. குறுக்கு மேடு மேடா, பல்லு கடகடன்னு ஆடும். டயர் பிரஷர 28, 30ன்னு குறைச்சுட்டு மெதுவா போங்க, தார் ரோடு ஏறினதும் கம்ப்ரசர் வச்சு திரும்ப ஏத்திடுங்க. காருக்கு ஒண்ணு கேரவனுக்கு ஒண்ணுன்னு ஸ்பேர் இருக்கணும், ஸ்பேர்ல காத்து இருக்கான்னு வீட்லயே பாருங்க, எனக்கு இருக்கல. ஹேமர்ஸ்லிக்கு டாம் பிரைஸ்ல இருந்து போறது வசதி. பாறை அடுக்கு அப்படியே புடவை மடிப்பு மாதிரி வளைஞ்சு கெடக்கும், சாயங்கால வெயில்ல ஊதா, செவப்பு, பச்சைன்னு நிறம் மாறும். ஒரே ஒரு கார்ஜ்தான் பாக்க முடியும்னா எதுன்னு கேட்டா நான் அதத்தான் சொல்வேன், என் மனைவி ஃபெர்ன் பூல்னு சொல்வாங்க, அது இன்னும் தீரல.

மேப்ல விட்டனூம்னு ஒரு பேரப் பாத்து ஆசைப்படாதீங்க. அங்க நீல ஆஸ்பெஸ்டாஸ் சுரங்கம் 1966ல மூடினாங்க, அங்க வேலை பாத்தவங்க, குடும்பமா இருந்தவங்கன்னு 2,000 பேருக்கு மேல அந்த நாரால நோய் வந்து செத்திருக்காங்க. 2007ல ஊரோட அந்தஸ்தயே எடுத்துட்டாங்க, கடைசி ஆளு 2022லதான் வெளியேறினாங்க, அடுத்த வருஷம் மிச்சமிருந்த கட்டடத்த இடிச்சுட்டாங்க. நார் இன்னும் அந்த மண்ணுல, ஓடைல கெடக்கு. பேய் ஊரு வீடியோ எடுக்கப் போறேன்னு போறவங்க மூச்சு விடுற காத்தப் பத்தி யோசிக்கணும். பக்கத்துல யாம்பயர் கார்ஜும் இதே காரணத்தால மூடித்தான் இருக்கு.

டாம் பிரைஸ்ல கேரவன் பார்க்ல கரண்டு, ஷவர், வாஷிங் மெஷின் எல்லாம் உண்டு, நாலு நாள் புழுதிக்கப்புறம் அந்த வெந்நீர் ஷவர் சொர்க்கம். கேரவன் டாய்லெட்ல கழிவு சேர்ற கேசட்ட, அதுக்குன்னு இருக்குற டம்ப் பாயின்ட்லதான் காலி பண்ணணும், வேற எங்கயும் கிடையாது. ஊருக்கும் கரிஜினிக்கும் நடுவுல மவுண்ட் புரூஸ், புனுருன்னாங்குறது அதோட பழைய பேரு, 1,234 மீட்டர், மாநிலத்துல ரெண்டாவது உசரம். உச்சி வரைக்கும் ஏற ஒரு பகல் போயிடும், முழுசா ஏற வேணாம், முதல் அரை மணி நேரம் ஏறினாலே ரியோ டின்டோ கம்பெனியோட மராண்டூ சுரங்கமும் ரயிலும் பொம்மை மாதிரி தெரியும்.

அந்த ரயில பக்கத்துல பாக்கணும்னா எந்த லெவல் கிராசிங்லயாவது மாட்டிக்கிட்டா போதும். ரெண்டரை கிமீ நீளத்துக்குக் கிட்ட, எஞ்சின்ல ஆளே கிடையாது, 2018ல டாம் பிரைஸ்ல இருந்து கேப் லேம்பர்ட் துறைமுகத்துக்கு முதல் தடவை டிரைவர் இல்லாம 28,000 டன் தாது போச்சு, பாத்துக்கிறது 1,500 கிமீ தள்ளி பெர்த்ல உக்காந்து. என் பையன் பெட்டிய எண்ணிட்டே இருந்தான், இருநூத்தி முப்பதத் தாண்டி குழம்பிட்டான். இன்னொரு கம்பெனி பிஹெச்பி 2001ல சாதனைக்காகவே 682 பெட்டி, ஏழு கிமீக்கு மேல நீளமா ஒரே ரயில் விட்டிருக்கு. கிராசிங்ல ரயில முந்திடலாம்னு மட்டும் நினைக்காதீங்க, இந்த எடை நிக்க எத்தனை கிமீ வேணும்னு யோசிச்சுக்கோங்க. அந்த ரயில்வே ஓரமா கராத்தா ஊருக்குப் போற கம்பெனி ரோட்டுக்கு பர்மிட் வேணும், காசு இல்ல, ஒரு பாதுகாப்பு வீடியோ பாத்தா குடுப்பாங்க. கேரவனோட நான் அதுல போக மாட்டேன்.

ஒரு விஷயம் மட்டும் சொல்லாம போக மனசு வரல. இதே மலைத்தொடர்ல ஜூக்கான் கார்ஜ்ல 46,000 வருஷமா மனுஷங்க புழங்கின குகைகள 2020 மே மாசம் ரியோ டின்டோ வெடி வச்சு தகர்த்துச்சு, அப்புறம் தலைவர் பதவி போச்சு, மன்னிப்பு கேட்டாங்க, குகை திரும்ப வரல. சுரங்க டூர் பஸ்ல போறப்ப பசங்க கிட்ட இதையும் சொல்லுங்க, டிரக் பெருசா இருக்குன்னு மட்டும் பாத்துட்டு வர வேணாம்.

நாள் மிச்சமிருந்தா போர்ட் ஹெட்லேண்ட் வழியா மார்பிள் பார்ங்குற ஊரு. 1923 அக்டோபர் கடைசில இருந்து 1924 ஏப்ரல் வரைக்கும் தொடர்ந்து 160 நாள், தினமும் பகல் வெயில் 100 டிகிரி ஃபாரன்ஹீட்டயாவது தொட்ட ஊரு. மார்பிள்னு பேரு, ஆனா அது மார்பிள் இல்ல ஜாஸ்பர், ஆத்துக்குக் குறுக்க செவப்பும் வெள்ளையுமா வரி போட்ட பாறை. ஒரு பாட்டில் தண்ணிய மேல ஊத்துங்க, அப்பதான் நிறம் வெளிய வரும். உடைச்சு எடுக்கக் கூடாது.

திரும்புறப்ப புழுதி. கிளம்புறதுக்கு முன்னாடியே கேரவன் கதவு இடுக்கு, வென்ட் எல்லாம் டேப் ஒட்டியிருந்தா பாதி தப்பிச்சீங்க. வெள்ளத் துணி எதுவும் கொண்டு போகாதீங்க, போனது போனதுதான். ஹையர் வண்டின்னா ஒரு நாள் முன்னாடியே பெர்த் வந்து உள்ளயும் வெளியவும் கழுவிடுங்க, அடிப்பக்கத்த மறக்காதீங்க, சொந்த வண்டின்னா வீல் பேரிங்க் செக் பண்ணி கிரீஸ் போடுங்க. எங்க ஜன்னல் சட்டத்துல இருந்து போன வாரம் கூட ஒரு கை செவப்பு மண்ணு வந்துச்சு, நாங்க வந்து ஒம்போது மாசம் ஆச்சு.